குறிப்புக் கட்டத்தில் என் பெயர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் வணக்கம்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. நம் நட்சத்திரப் பட்டியலின் குறிப்புக் கட்டங்களைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறீர்கள். அங்கே பணியாளர் பெயர் எதுவும் இருக்கக் கூடாது என்று புது விதி வந்திருக்கிறது. ஒரு நட்சத்திரத்தின் குறிப்பில் என் பெயர் "அவ்வளவு நன்றாக இல்லாத விதத்தில்" இருக்கிறதாம். என் மரியாதையைக் கருதி, மாத முடிவுக்குள் அந்த வரியையே மொத்தமாக நீக்கிவிடலாமா என்று பணிவாகக் கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில், என் அனுபவத்திலிருந்து பத்து அறிவுரைகள் எழுதித் தரும்படியும் ஒரு வேண்டுகோள்.

பத்தெல்லாம் என்னால் ஆகாது. இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து மூன்று முறை எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்திருக்கிறேன். அப்பா மில் தொழிலாளி. சங்கு ஊதும்போது சாப்பாட்டு டப்பா அவர் கையில் இருந்தாக வேண்டும் என்று ஓடி ஓடி வளர்ந்த வீடு எங்களுடையது. மில்லை மூடியும் அந்த ஓட்டம் என் காலைவிட்டுப் போகவில்லை. எனவே அந்த வரியை நீக்கலாமா கூடாதா என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதில், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வரியில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. நீங்கள் என் பெயரை மட்டும் பார்த்திருக்கிறீர்கள்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் வெளியே போய்ச் சொன்னால் யாருக்கும் புரியாது என்பதையும் இதற்குள் கண்டிருப்பீர்கள். நட்சத்திரத்துக்குப் பெயர் வைக்கிற ஆபீஸ் என்றால், மொட்டை மாடியில் தொலைநோக்கி இருக்கும் என்று நினைக்கிறார்கள். முத்தியால்பேட்டையில் லேத் பட்டறைக்கு மேலே மூன்று அறை, கீழே இரும்பு அறுபட்டால் மேலே டீ டம்ளர் நடுங்கும், காலை ஒன்பதரைக்கு வந்து மாலை ஐந்தரைக்குப் போகிறோம் என்றால் அவர்களுக்கு ஏமாற்றம். வானத்தைப் படமெடுக்கும் தொலைநோக்கிகளின் பதிவுகள் எல்லோருக்கும் திறந்து கிடக்கின்றன. அதில் யாராவது, எந்த நாட்டிலாவது, ஒரு நட்சத்திரம் மங்குவதும் பிரகாசிப்பதுமாக இருப்பதைக் கண்டு நமக்கு எழுதுகிறார்கள். அது உண்மைதானா, ஏற்கெனவே தெரிந்ததா என்று நாம் சரிபார்த்துப் பட்டியலில் சேர்க்கிறோம்.

பெயரில் யாருடைய பெயரும் வராது என்று சொன்னால் இன்னும் ஏமாற்றம். ஒரு விண்மீன் குழுவில் முதலில் கண்ட, ஒளி மாறும் நட்சத்திரத்துக்கு ஆர் என்ற எழுத்து, அடுத்ததற்கு எஸ், இசட் முடிந்ததும் இரட்டை எழுத்துகள், அவையும் தீர்ந்த பிறகு வி என்று போட்டு எண். அந்த நிரந்தரப் பெயரை வெளிநாட்டில் இருக்கும் குழு மொத்தம் மொத்தமாகத்தான் வைக்கும். வருடக்கணக்கில் ஆகும். கண்டுபிடித்தவருக்கு மிஞ்சுவது பட்டியலில் ஒரு கட்டம். "முதலில் அறிவித்தவர்" என்ற அந்த ஒற்றைக் கட்டத்துக்காகத்தான் ஆட்கள் வருடக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கட்டத்தை லேசாக நினைக்காதீர்கள்.

நான் வேலையில் நல்ல பெயர் எடுத்தவள். வேகமாகப் பார்ப்பேன், தயங்காமல் நிராகரிப்பேன். என்னிடம் வந்த அறிக்கை மறுநாள்வரை கிடக்காது என்பதில் எனக்குக் கர்வமே உண்டு. அந்தக் கர்வத்தை ஒருவர் ஒருநாள் லேசாகத் தட்டிவிட்டுப் போனார். அப்போதே நான் விழித்திருக்க வேண்டும்.

அவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம், உங்களில் வெளியூர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். படியேறி வந்த மூச்சு வாங்கலோடு ஆரம்பித்தார்.

"மதாம், இது எங்க வீட்டுக்காரி பேர்ல இருக்கற நட்சத்திரம். உங்க லிஸ்ட்டுல..."

நான் குறுக்கே விழுந்தேன். "ஐயா, இப்படிக் காசு குடுத்து யாரும் நட்சத்திரத்துக்குப் பேரு வைக்க முடியாது. இது வெறும் காகிதம். உங்கள நல்லா ஏமாத்தியிருக்காங்க."

அவர் கோபப்படவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அது எனக்குத் தெரியும் மதாம். பொண்ணு பாரீஸ்லேர்ந்து அனுப்பிச்சி. வீட்டுக்காரிக்கு உடம்பு முடியல, இதையே பாத்துக்கினு படுத்திருக்கா. உங்க போன் நம்பர வாங்கி வச்சிருக்கா, கேக்கப் போறாளாம். கேட்டா கொஞ்சம் பாத்து, மனசு நோகாம சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

அந்த மாதம் முழுவதும் போன் மணி அடித்தபோதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த அம்மாள் கூப்பிடவே இல்லை. ஏன் கூப்பிடவில்லை என்று நினைத்துப் பார்க்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு மனிதரின் ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டிருந்தால் போதும். வெட்கப்பட்டேன், பிறகு மறந்தும்விட்டேன். என் கை வேகம் அப்படியேதான் இருந்தது.

இனி காயத்ரி. அந்த வரியில் இருக்கும் மற்றொரு பெயர் அவளுடையது.

தவளக்குப்பத்துக்கு அந்தப்பக்கம் கடலோரக் கிராமம். அவள் அம்மா தனம் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். நான் அவளிடம்தான் வாங்குவேன், காயத்ரி நம் ஆபீசில் சேருவதற்கு முன்பிருந்தே. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் நேராக அங்கே ஓடுவேன். தனம் எடை போட்ட பிறகு ஒரு கை நெத்திலியைக் கேட்காமலே அள்ளிக் கொசுறாகப் பையில் போடுவாள். "யக்கா, அந்தச் சின்னது எப்படி வேல செய்யுது?" என்று கேட்பாள். காயத்ரிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.

நல்ல வேலைக்காரி. அவசரமே கிடையாது. அவள் நிதானத்தைப் பார்த்தால் எனக்குக் கால் பரபரக்கும், எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வருவேன்.

பணியாளர்களும் சொந்த நேரத்தில் நட்சத்திரம் தேடலாம், அறிக்கை அனுப்பலாம். அதை நாங்கள் "வீட்டு அறிக்கை" என்போம். அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. வீட்டு அறிக்கையை மூத்த சரிபார்ப்பாளர்தான் பார்க்க வேண்டும். அவர் நிராகரித்தால் மறுபேச்சு பேசக் கூடாது. வெளியாட்கள் நம்மைப் பார்த்து, வீட்டு ஆளுக்குச் சலுகை என்று சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக. மூத்தவள் நான்தான். வீட்டு அறிக்கை என்றாலே எனக்கு முகம் ஒரு சுற்று கடுமையாகிவிடும்.

காயத்ரி தன் முதல் வீட்டு அறிக்கையை அனுப்பியது ஒரு சனிக்கிழமை. மலைமேல் உள்ள ஒரு வானாய்வு நிலையத்தில் வேலைக்கு விண்ணப்பிக்க இருந்தாள். அதற்குப் பட்டியலில் விண்ணப்பதாரர் பெயரில் ஒரு கண்டுபிடிப்பாவது இருக்க வேண்டும். வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிந்தது. இது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கூடுதலாகக் கடுமை காட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது.

நான் அதைத் திறந்தபோது மணி பன்னிரண்டேகால். ஒரு மணிக்கு மேல் நல்ல மீன் இருக்காது. இடம் தனுசு, நட்சத்திரங்கள் நெருக்கியடிக்கும் பகுதி. அவள் சொன்ன இடத்தில் ஏற்கெனவே பெயருள்ள ஒரு மாறும் நட்சத்திரம் இருந்தது. படத்தில் ஒரே புள்ளிக்குள் இரண்டு மூன்று நட்சத்திரங்களின் வெளிச்சம் சேர்ந்து விழும், எது மாறுகிறது என்று பிரித்துப் பார்க்காமல் ஏமாறுகிறவர்கள் நிறைய. முத்தியால்பேட்டையில் ஒரே சுவரைப் பங்கு போடும் இரண்டு வீடுகளில் குழந்தை அழுதால், எந்த வீட்டுக் குழந்தை என்று தெருவில் நிற்பவருக்குத் தெரியாது. உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். காயத்ரி உள்ளே போய்ப் பார்க்கவில்லை என்று நானே முடிவுகட்டினேன். "ஏற்கெனவே தெரிந்தது, நிராகரிக்கப்பட்டது" என்று அழுத்திவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவள் அம்மாவிடம் மீன் வாங்கத்தான் ஓடினேன்.

திங்கட்கிழமை காயத்ரி, "சரி மேடம்" என்றாள். அவ்வளவுதான். வழக்கம் அப்படி.

ஐந்து வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, புதிதாகச் சேர்ந்த நட்சத்திரங்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தனுசில் ஒன்று. அந்த இடம். பெயருள்ள பழைய நட்சத்திரத்தை ஒட்டி இருக்கும் மங்கலான பக்கத்து நட்சத்திரம்தான் மாறுகிறது, இது வேறு, இது புதிது என்று ஒருவர் நிரூபித்திருந்தார். வெளிநாட்டில் ஓய்வு பெற்ற தபால்காரர். நம் ஆபீசில் வேறொருவர் சரிபார்த்து ஏற்றிருந்தார்.

காயத்ரியின் பழைய அறிக்கையைத் திறந்தேன். மூன்றாவது பக்கத்தில் இரண்டு நட்சத்திரங்களையும் பிரித்து, தனித்தனியாக அளந்து, படம் போட்டு, தபால்காரரைவிடத் தெளிவாக எழுதியிருந்தாள். நான் மூன்றாவது பக்கத்துக்குப் போகவே இல்லை. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று கணினி குறித்து வைத்திருந்தது. நான்கு நிமிடம்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

முறைப்படி என்றால் ஆட்சேபணை பதிய வேண்டும். மூன்று பேர் கூடிப் பேச வேண்டும், தபால்காரருக்கு எழுதி அவர் பதில் வர வேண்டும். குறைந்தது இரண்டு வாரம். நான் வராந்தாவில் நடந்தேன். கீழே இறங்கி லேத் பட்டறை வாசலில் நின்றேன். மறுபடி ஏறினேன். டீ வாங்கி வந்து குடிக்காமல் வைத்தேன். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் எத்தனையோ முறை உட்கார்ந்து எழுந்தேன், ஒருமுறைகூட காயத்ரியின் மேஜைக்குப் போகவில்லை. பிறகு என் கடவுச்சொல்லைப் போட்டுப் பட்டியலைத் திறந்தேன். தபால்காரர் பெயரை எடுத்தேன். காயத்ரி பெயரைப் போட்டேன். மாற்றத்துக்குக் கணினி காரணம் கேட்டது. "தட்டச்சுப் பிழை" என்ற காரணத்துக்கு மட்டும் யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. அதைத் தேர்ந்தெடுத்தேன்.

மனசு லேசாகிவிட்டது. நல்ல காரியம் செய்துவிட்டேன் என்றே நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

காயத்ரி நின்றபடியே பார்த்தாள். தவறாக நிராகரித்ததைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவள் முகத்தில் சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன்.

"இவரு பேரு எங்க போச்சி மேடம்?"

"அவரு உனக்கு அப்புறம்தானேம்மா."

"அவருக்கு எழுதினீங்களா?"

"எங்க எழுதறது, வெள்ளிக்கிழமை அஞ்சி மணி."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "பழையபடி மாத்திடுங்க மேடம்."

"காயத்ரி, நீதான் முதல்ல கண்டுபிடிச்ச. இதுல ஒண்ணும் பொய்யில்ல."

"அது பொய்யில்ல. தட்டச்சுப் பிழைன்னு போட்டீங்களே, அது பொய்யி." குரலை உயர்த்தவே இல்லை. "நாளைக்கு யாராவது தொறந்து பாத்தா என்னா தெரியும்? ஆபீஸ் பொண்ணு பேர போடறதுக்காக ஒரு பெரியவர் பேர எடுத்திருக்காங்கன்னுதான் தெரியும். எம் மூணாவது பக்கத்த நீங்களே பாக்கல, வேற யாரு பாக்கப் போறாங்க?"

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.

"முறையா போடுங்க மேடம். நீங்க தப்பா நிராகரிச்சீங்கன்னு எழுதிப் போடுங்க. நாள் ஆவட்டும்."

"உனக்கு வயசு தாண்டிடும்மா."

"தெரியும்" என்றாள்.

ஒன்றை உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவளுக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று அன்று சத்தியம் செய்திருப்பேன். ஆனால் நான்கு நிமிடம் என்ற அந்தக் கணக்கு யார் கண்ணிலும் படாமல் போகட்டும் என்ற ஆசையும் உள்ளே இருந்தது. ஆட்சேபணை என்று போனால் மூன்று பேர் அதைப் படிப்பார்கள். அவசரம் வந்தால் நம் நல்லெண்ணமும் பயமும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும், எது எது என்று தெரியாது. அன்று எனக்குத் தெரியவில்லை.

மாற்றியதைத் திரும்ப மாற்றினேன். ஆட்சேபணை பதிந்தேன். வெள்ளிக்கிழமை காயத்ரி தன் மேஜையில் யாருடைய அறிக்கையையோ பார்த்துக்கொண்டிருந்தாள், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை. நான் கடிகாரத்தைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக இருந்தேன். ஐந்து மணி ஆனது, ஐந்தரை ஆனது. "வரேன் மேடம்" என்று சொல்லிவிட்டுத் தவளக்குப்பம் பஸ்சுக்கு இறங்கிப் போனாள். எனக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

தபால்காரர் பெருந்தன்மையோடுதான் பதில் எழுதினார். அந்தப் பெண்ணின் பெயர் முன்னால் வருவதில் தனக்குச் சம்மதம் என்றார். ஆனால் விதி வேறு மாதிரி இருந்தது. எந்த அறிக்கை முதலில் ஏற்கப்பட்டதோ அதுவே கட்டத்தில் நிற்கும். முந்தைய அறிக்கையைக் குறிப்பில் போடலாம். மூன்று பேரும் எழுதித் தந்த வாசகம் இது: "இதே நட்சத்திரத்தை ஐந்து வாரங்களுக்கு முன்பே காயத்ரி சரியான சான்றுகளுடன் அறிவித்திருந்தார். சரிபார்ப்பாளர் அதைத் தவறாக நிராகரித்தார்." அதில் "சரிபார்ப்பாளர்" என்ற சொல்லை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டது நான்தான். ஒப்புதலோடு, காரணம் எழுதி.

அடுத்த வருடம் காயத்ரி வேலையை விட்டாள். இப்போது கடலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. வீட்டிலிருந்தே இன்னும் நட்சத்திரம் தேடுகிறாள். பட்டியலில் அவள் பெயரைத் தேடிப் பாருங்கள், நிறையக் கட்டங்களில் இருக்கும். மலைமேல் இருக்கும் அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. அதைத் திருப்பித் தர என்னிடம் ஒன்றும் இல்லை.

தனத்திடம் நான் சொல்லவே இல்லை. சனிக்கிழமை தவறாமல் போனேன். "யக்கா, எம் பொண்ணு நட்சத்திரத்துக்குப் பேரு வந்துச்சா?" என்று கேட்பாள். "இன்னும் இல்ல தனம், வெளிநாட்டுக்காரங்க வைக்கணும், நாளாவும்" என்பேன். உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால் நான்கு வருடம் ஒளிந்துகொண்டிருந்தேன். இதற்கிடையில் கொசுறு நின்றுபோயிருந்தது. மீன்பிடித் தடைக்காலம், வரத்து இல்லை என்று முதலில் நினைத்தேன். தடைக்காலம் முடிந்தும் நெத்திலி வரவில்லை. விலைவாசி என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் அந்த நட்சத்திரத்துக்கு நிரந்தரப் பெயர் வந்தது. வி, நான்கு இலக்க எண், தனுசு. ஒரு தாளில் பெரிதாக எழுதிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றேன். நான் காத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தே தனத்துக்கு ஏதோ தெரிந்துவிட்டது.

படித்துக் காட்டினேன். இரண்டு முறை கேட்டாள்.

"பக்கத்துல எம் பொண்ணு பேரு இருக்கா?"

"பக்கத்துல வேற ஒருத்தர் பேரு இருக்கு தனம். கீழ குறிப்புல காயத்ரி பேரு இருக்கு. எம் பேரும் இருக்கு."

"ஒம் பேரு எதுக்கு?"

"நான்தான் தப்பு பண்ணேன்னு." முழுவதும் சொன்னேன். நான்கு நிமிடம், மூன்றாவது பக்கம், மீன் தீர்ந்துவிடும் என்று ஓடிவந்தது எல்லாம்.

தனம் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும். அந்த வெள்ளிக்கெழமயே சொல்லிச்சி. அவங்களே சொல்லட்டும், நீ ஒண்ணும் கேக்காதம்மான்னுச்சி. நாலு வருசமா நீ வந்து நிக்கறப்பல்லாம், இன்னிக்கி சொல்லுவ, இன்னிக்கி சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன் யக்கா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பின்னால் யாரோ வஞ்சிரம் விலை கேட்டார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

"அந்தக் குறிப்ப யாரும் அழிச்சிட மாட்டாங்களே?" என்றாள்.

"மாட்டாங்க தனம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாளில் உங்கள் கடிதம் வருகிறது.

ஆகவே என் பதில்: நீக்காதீர்கள். விதிப்படி என் பெயரை மட்டும் எடுத்துவிட்டுக் காயத்ரி பெயரை விட்டுவைக்கலாமா என்று உங்களில் யாராவது யோசிப்பீர்கள், அதுவும் வேண்டாம். யார், எப்படித் தவறு செய்தார் என்பது இல்லாவிட்டால், அது ஏதோ வீட்டு ஆளுக்குக் காட்டிய சலுகை போலத் தோன்றும். அவள் பயந்ததும் அதற்குத்தான். விதிவிலக்கு கேட்டு முறையாக மனு எழுதுங்கள், என் கையெழுத்தோடு இதையும் இணைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும். நான் உங்களை அவசரப்படுத்த மாட்டேன்.

கொசுறு இன்னும் வரவில்லை. ஆனால் சனிக்கிழமைதோறும் தனம் மறக்காமல் கேட்கிறாள், அந்த வரி இருக்கிறதா என்று. இருக்கிறது என்று நான் சொல்லும்படி வையுங்கள்.